காலால் வாசித்த சீட்டி

அப்பா,

நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

பசுமலை ஆலயத்தில் நான் ஆர்கன் வாசித்தபோது, முன்னிசை முடிந்து எல்லாரும் கைதட்டியதும் நீங்கள் எழுந்து போய்விட்டீர்கள். அது பாதிதான்! அடுத்தது ஃபியூக். பரோக் என்னும் பழைய ஐரோப்பிய இசைமுறையில் நானே எழுதியது. ஒரே மெட்டோடு நான்கு குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நுழையும். அந்த மெட்டு, நீங்கள் நம் வாசலில் வண்டியை நிறுத்தியதும் அடிக்கும் சீட்டி. முதல் குரல் அம்மா, பிறகு நான், அடுத்து தம்பி. கடைசியாக, காலால் மிதிக்கும் கட்டைகளில், நீங்கள். அதற்காகத்தானே உங்களை வரச் சொன்னேன்?

மூன்றாவது குரலிலேயே, ஆலயத்தைப் பூட்ட வந்த காவலாளி அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். "அதான் கைதட்டியாச்சுல்ல பாப்பா, இன்னும் எம்புட்டு நேரம் வாசிப்ப?"

"எங்கப்பா இன்னும் வரலண்ணே" என்றேன், கையை எடுக்காமல்.

உங்கள் சீட்டியை முழுதாக மிதித்துவிட்டுத்தான் எழுந்தேன். அதற்குள் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.

உங்கள் மகள்