சந்தனம் வைத்த கிளட்ச் கட்டை

காரைக்குடி

அன்பு மகள் ஹேமாவதிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், கார் எங்கள் இருவரையும் விட நன்றாக இருக்கிறது. சிங்கப்பூரில் நீயும் மாப்பிள்ளையும் தீக்ஷாக் குட்டியும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று கொப்புடையம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் நீ என்னை எங்கே பேச விடுகிறாய்? போன வாரம் கிளட்ச் என்று வாயைத் திறந்ததுமே, "பொங்கலுக்கு வந்ததும் மொத வேலையா காரை வித்துருவோம்மா, உனக்கு எதுக்கு இந்தப் பாடு" என்று சொல்லி வைத்துவிட்டாய். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ விட்டுப்போன பழைய கார்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இந்த வயதில் லைசென்ஸ் எடுத்து அதை ஓட்டுகிறேன். முழங்கால் வலி வந்தபின் உன் அப்பா பைக்கைத் தொடுவதில்லை, அவரையும் அவருடைய உளி, இழைப்புளி, ரம்பத்தையும் வேலை நடக்கும் வீட்டில் கொண்டுபோய் இறக்குவது நான்தான். கார் போனால் அவர் வேலையும் போகும், நானும் பழையபடி அடுப்படியோடு நிற்கவேண்டியதுதான். அதனால் நடந்ததை முழுசாகக் கேட்டுவிட்டு முடிவு சொல்.

எனக்குக் கால் குட்டை, கிளட்சை அடிவரை மிதிக்க சீட்டின் நுனிக்கு நகர்ந்து உட்காருவேன் என்பது உனக்குத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே இருந்த உன் அப்பா, ஆயுத பூசைக்கு முதல் நாள் தேக்கில் ஒரு கட்டை செய்தார். இரும்பில் துளை போடுவது அவருக்கு ஆகாதே, அதனால் பெடலுக்கு முன்னால் ஒரு பலகை, பின்னால் ஒரு பலகை, இரண்டும் நடுவில் பெடலைக் கவ்விக்கொள்கிற மாதிரி பள்ளமாகக் காடி எடுத்து, பக்கத்துக்கு ஒரு திருகாணியால் இறுக்கினார். பூசையன்று ஆயுதங்களோடு அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டார். எனக்கு ஒரே பெருமை. சாய்ந்து உட்கார்ந்தபடியே கால் எட்டியது, தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் காட்டினேன்.

அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று சத்தம், முதல் கியர் விழ மறுத்தது, கிளட்சை மிதித்துக்கொண்டு சிக்னலில் நின்றால்கூட கார் மெதுவாக முன்னால் ஊர்ந்தது. சாக்கோட்டைப் பக்கம் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் முஜிபுர் ரகுமானிடம் விட்டேன். அவர் கேபிளை இறுக்கிக் கொடுத்தார், சத்தம் நின்றது. சரியாகிவிட்டது என்று நினைத்தால், சாமான்களோடு ரயில்வே பாலம் ஏறும்போது இஞ்சின் கத்துகிறது, கார் நகர மாட்டேன் என்கிறது, கருகின வாடை வேறு. அன்றைக்குப் பின்சீட்டில் இருந்தது உன் சித்தப்பா கருப்பையா, அவருக்குச் சொல்லித்தரவா வேண்டும்? "மதினி, நீங்க கிளட்சு மேலயே காலை வச்சு ஓட்டுறீக, பிளேட்டு தீஞ்சு போச்சு" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். முஜிபுரும் கியர் பாக்ஸை இறக்கவேண்டி வரும் என்றார். எனக்கு வந்ததே கோபம். கியர் மாற்றி முடிந்ததும் காலை எடுத்துப் பக்கத்தில் வைக்கிறவள் நான், டிரைவிங் ஸ்கூலில் அதற்காகவே பாராட்டு வாங்கினவள்.

வீட்டுக்கு வந்து, நைட்டியை ஏற்றிச் செருகிக்கொண்டு கார்க் கதவைத் திறந்து மண்டி போட்டேன். கையால் பெடலை அழுத்தினால் முதலில் கொஞ்ச தூரம் லேசாகப் போகவேண்டும், அப்புறம்தான் கனம் தெரியவேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். இதில் அந்த லேசே இல்லை, தொட்டதுமே கனம். அப்படியென்றால் நான் காலை எடுத்த பிறகும் கிளட்ச் அரை மிதியில்தான் இருக்கிறது, வழுக்காமல் என்ன செய்யும்? சரி, அது கேபிளை இறுக்கியதால் வந்த வினை. முதலில் ஏன் இறுக்கவேண்டி வந்தது? ஒரு கையால் பெடலை முழுக்க அழுத்தி, மறு கையை அடியில் விட்டுப் பார்த்தேன். விரல் நசுங்கியது. உன் அப்பாவின் பின்பலகை தரையில் முட்டி நிற்கிறது, பெடல் அடிவரை போகவே இல்லை, கியர் கரகரத்ததும் அதனால்தான்!

முஜிபுருக்குப் போன் போட்டு, இதை நீங்கள் பார்க்கவில்லையா என்று கேட்டேன். "பாத்தேம்மா. சந்தனம் குங்குமம் வச்ச சாமானை நான் எப்படிக் கழட்டச் சொல்றது, ஆசாரி மனசு சங்கடப்படும்ல" என்கிறார். அந்தக் கட்டைக்கு மரியாதை கொடுத்துக் கேபிளை இறுக்கியிருக்கிறார் மனுஷன். யாரைக் கோபித்துக்கொள்ள? உன் அப்பாவிடம் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை, நசுங்கின விரலைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார், தானே திருகாணியைக் கழற்றினார். பிறகு, "மரத்துல ஒரு குத்தமும் இல்ல அழகி, கார்க்காரந்தான் தரையை மேல தூக்கி வச்சிட்டான்" என்றார். சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறுநாள் முஜிபுர் கேபிளைத் தளர்த்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, மூன்றாவது கியரைப் போட்டுக் கிளட்சை விட்டார். இஞ்சின் பட்டென்று அணைந்தது. "அணைஞ்சா நல்லதும்மா, பிளேட்டு பிடிக்குது, பொழைச்சுக்கிச்சு" என்றார். இப்போது முதுகுக்குத் தலையணை வைத்து ஓட்டுகிறேன், கால் நன்றாகவே எட்டுகிறது. கட்டை பட்டறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

உன்னிடம் சொல்ல வந்தது இதுதான். என் காரில் ஏறினால் உன் அப்பா மேலே இருக்கும் கைப்பிடியை விடவே மாட்டார், வாய்க்குள் முருகா முருகா என்று ஓடிக்கொண்டிருக்கும். நேற்று ஆத்தங்குடியில் ஒரு நிலைக்கதவு மாட்டிவிட்டுத் திரும்பினோம். பாலம் ஏறுவதற்குள் முருகா சத்தம் நின்றுவிட்டது, என்னவென்று திரும்பிப் பார்த்தால், இழைப்புளியை மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்து தூங்குகிறார். வீட்டு வாசலுக்கு வந்தும் எழுப்ப மனம் வரவில்லை, இஞ்சினை அணைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

தீக்ஷாவுக்கு ஏசியைக் கொஞ்சம் குறைத்து வை, சளி விடாமல் இருக்கிறது. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். எல்லோரும் தீர்க்காயுசாக, குறைவில்லாமல் இருங்கள். பொங்கலுக்கு நீங்கள் வரும்போது திருச்சி ஏர்போர்ட்டுக்கு டாக்ஸி சொல்லிவிடாதே, நினைவிருக்கட்டும். நான் வருகிறேன். முன்சீட்டு உனக்குத்தான், உன் அப்பா பின்னால் தூங்கிக்கொண்டு வருவார்.

ஆசிகளுடன்,
உன் அம்மா,
அழகி