ஒன்பதிலிருந்து ஆறு வரை

ஏப். 24, வியாழன்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. தண்ணீர் லாரி வரவில்லை. பால் திரிந்துவிட்டது, கூடவே என் மனநிலையும்.

தர்ஷினிக்கு மூன்றாம் வகுப்புப் பரீட்சை முடிந்தது. பையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, மெத்தையில் குப்புறப் படுத்து நீச்சல் அடித்தாள். ஒரு வருடமாக நடக்கிற கூத்து. போர்வை பாழ்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு சரோஜாக்கா. நான் ஆபீஸிலிருந்து வரும்வரை தர்.ஐப் பார்த்துக்கொள்வது அவர்தான். வந்து நின்ற விதமே சரியில்லை.

"கோவிச்சுக்காத சுமதி. கெங்கவல்லியில எம்மவ மாசமா இருக்கறால்ல, டாக்டரு படுத்தே இருக்கோணும்னு சொல்லிப்புட்டாரு. ஞாயித்துக்கெழம கெளம்பறேன். கொழந்த பொறந்தப்பறந்தான் வருவேன்."

கோபிக்க என்ன இருக்கிறது. நல்லபடியாகப் போய்வாருங்கள் என்றேன். ஆபீஸ் ஒன்பதிலிருந்து ஆறு, போர்வெல் ரிக் லாரிப் பட்டறையில் கணக்கு வேலை. கோடைதான் போர் போடும் சீசன், இப்போது லீவு என்று வாயைத் திறக்க முடியாது. வீட்டுக்காரரும் ரிக்கோடு சத்தீஸ்கரில். மழைக்காலம் பிறந்தால்தான் வீடு.

எட்டு வயதுப் பெண்ணைத் தனியாக விடமாட்டேன். அது மட்டும் நிச்சயம்.

ஏப். 25, வெள்ளி

ஊரெல்லாம் சம்மர் கேம்ப் நோட்டீஸ். எல்லாவற்றிலும் 'உங்கள் குழந்தைக்குள் ஒளிந்திருக்கும் திறமை'. ஒளிந்திருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். எத்தனை மணிக்குப் பிள்ளையை விடுவீர்கள், அதைச் சொல்லுங்கள்.

விசாரித்தவை:

– அபாகஸ். பேக்கரி மாடி. ஏசி உண்டு. 10–12. பன்னிரண்டுக்கு யார் போய்க் கூட்டிவருவது?
– நீச்சல். பைபாஸ் பக்கம். பெண் பிள்ளைகளுக்குக் காலை 8–9.
– ஏற்காட்டில் தங்கும் முகாம். "தன்னம்பிக்கை வளரும் மேடம்." என் மேல் கால் போடாமல் தூங்காதவள். வேண்டாம்.
– ஒரு பள்ளிக்கூடத்தில் 'ஆல் இன் ஒன்'. செஸ், ஓவியம், கையெழுத்து, யோகா. 8.30–5.30. மதியம் தயிர்சாதம் அவர்களே. நான் வரும்வரை வாட்ச்மேன் அக்கா பார்த்துக்கொள்வாராம்.

ஸ்டெல்லா (பக்கத்து மேஜை, தினமும் சேலத்திலிருந்து பஸ்): "எங்க அக்கா பையன் சேலத்துல ஃபேர்லேண்ட்ஸ்ல ரோபோ செய்யறான். எங்க பங்குக் கோயில்லயும் லீவு வகுப்பு இருக்கு. ஆனா நீ எப்படிடி தினம் அவ்ளோ தூரம் கூட்டிட்டு வருவ?" முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். முறுக்கு கொடுத்தாள்.

ஏப். 27, ஞாயிறு

சரோஜாக்கா கிளம்பினார். போகும்போது பூனையை என் பொறுப்பில் விட்டுவிட்டு. அது வேறு.

ராத்திரி வீட்டுக்காரரோடு வீடியோ கால். பின்னால் கம்ப்ரசர் இரைச்சல், பாதி கேட்கவில்லை.

"செஸ்ஸுல சேத்துரு புள்ள. மூள வளரும்."

"ஏனுங்க, அவளுக்கு நீச்சல்தானுங்க ஆச."

"அப்ப நீச்சல்ல சேத்துரு."

"அது ஒரு மணி நேரந்தானுங்க. அப்பறம்?"

"அப்ப செஸ்ஸு."

பெரிய முடிவு எடுத்துவிட்ட திருப்தியோடு டீ குடித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் கடைசியாக எதைச் சொல்கிறேனோ அதுதான் அவர் முடிவு.

தர். போனைப் பிடுங்கினாள். "அப்பா, எப்ப வருவீங்க?"

"மழ புடிச்சா வந்தர்றேன் சாமி."

சாயங்காலம் இங்கே கோடை மழை, கொஞ்ச நேரம். தர். வாசலுக்கு ஓடிப் போய்த் தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இங்கே பெய்தால் போதாது, அங்கே பெய்ய வேண்டும். சொல்ல மனம் வரவில்லை. துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போய்விட்டேன்.

ஏப். 28, திங்கள்

அரை நாள் பர்மிஷன். முதலாளி: "சீசன்ல இப்புடிப் பண்ணுனா எப்படிம்மா?" தலையாட்டி வைத்தேன்.

அவளே சொல்லட்டும் என்று இரண்டு இடத்துக்கும் கூட்டிப்போனேன். முதலில் நீச்சல் குளம். கரையில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டே இருந்தாள். அப்படி மலர்ந்த முகத்தைப் பார்த்து நாளாயிற்று.

பிறகு பள்ளிக்கூடம். ஹால், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஃபினாயில் வாசம். பொறுப்பாளர் மிஸ் குனிந்து, "உனக்கு என்ன புடிக்கும் பாப்பா?"

"செஸ்ஸுங்க மிஸ்."

செஸ் காயைக் கையால் தொட்டதில்லை இவள்.

வெளியே வந்து கேட்டேன். "ஏங்கண்ணு, நீச்சல் புடிக்கலையா?"

"புடிக்குது."

"அப்பறம் ஏன்?"

"நீச்சல் ஒரு மணி நேரந்தானேம்மா. மீதி நேரம் என்னைய எங்க வெப்பீங்க?"

எங்கே வைப்பீர்களாம். குடத்தையா வைக்கிறோம்? வண்டிச் சாவி கையில் இருக்க, கைப்பைக்குள் தேடினேன். அழுகை வந்துவிட்டது. கரும்புச்சாறு கடைக்காரர் பார்த்தார். பார்க்கட்டும்.

எந்த கேம்ப் நல்லது என்று ஊரெல்லாம் கேட்டேன். நான் எதைத் தேடுகிறேன் என்று அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது.

ஏப். 30, புதன்

செஸ்ஸில் பெயர் கொடுத்தாயிற்று. வேறு வழியில்லை. நீச்சலிலும் கொடுத்தேன். எட்டுக்குக் குளம், அங்கிருந்து நேராகப் பள்ளிக்கூடம். துண்டு, சீப்பு, மாற்றுத் துணி, டிபன் டப்பா. தலை காயாமல் போய் செஸ் பலகை மேல் தூங்கி விழுவாள். விழட்டும்.

எப்படியும் ஆபீஸுக்கு ஒன்பதே முக்கால் ஆகும். முதலாளியிடம் கேட்டேன். "பாக்கலாம்" என்றார். முடியாது என்று அர்த்தம். ஸ்டெல்லா: "நீ போடி. வர்ற வரைக்கும் நான் சமாளிக்கிறேன்."

இரண்டு நாளாக, தர். ஆபீஸில் என் மேஜைக்கடியில்தான். பூனை மீனைத் தின்னவில்லை.

மே 2, வெள்ளி

மேகமூட்டம். முதல் நாள். நீச்சல் தொப்பி பெரிதாக இருக்கிறது, கண்ணை மறைக்கிறது.

மாஸ்டர் கைதட்டிச் சொன்னார்: "அம்மாமாரெல்லாம் கெளம்புங்க. நீங்க நின்னா புள்ளைங்க தண்ணிய எங்க பாக்குதுங்க? ஒம்பதுக்கு வந்தாப் போதும்."

எல்லோரும் கிளம்பினார்கள். நானும்தான். ஒரு மணி நேரம் இருக்கிறது, பட்டறையை எட்டுக்கே திறந்துவிடுவார்கள், போய்த் தலையைக் காட்டிவிட்டு வரலாம்.

தர். கம்பியைப் பிடித்து ஒரு படி இறங்கினாள். என் பக்கம் திரும்பவே இல்லை. "நீங்க போங்கம்மா. நான் இருந்துக்குவேன்."

இருந்துக்குவாளாம்.

கேட் வரை போனேன். திரும்பி வந்து சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். மாஸ்டர் முறைத்தார். போன் அடித்தது, முதலாளி. எடுக்கவில்லை. தர். மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினாள். எழுந்ததும் தொப்பியைத் தூக்கி, கேட் பக்கம்தான் முதலில் பார்த்தாள். பிறகு பெஞ்சை.