பிறக்காத பிள்ளைக்கும் ஒரு பங்கு

சேசு மரி சூசை துணை

பர்கூர் கல்குவாரி,
12-6-1968

அன்புள்ள அருளாயிக்கு,

அந்தோணியார் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறேன். உனக்கு வாந்தி நின்றதா? சின்னவள் மண் தின்பதை விட்டாளா?

முந்தாநாள் பாறைக்கு வெடி வைத்தபோது ஒரு சில்லு என் தலைத்துண்டைத் தட்டிக்கொண்டு போய்விட்டது. துண்டுதான் கிழிந்தது. எனக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே.

அதற்காக இல்லை, சும்மாதான், நேற்று கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறிப் போய் உயில் எழுதிவிட்டு வந்தேன். நான் இல்லாவிட்டால் வீடும் கிணற்றுக்காடும் உனக்கும் பிள்ளைகளுக்கும்தான். இரண்டும் பெண்தானே என்று என் அண்ணன் வாய் திறக்க முடியாது.

சாட்சிக்கு, என்னோடு திரி பற்றவைக்கிற பெருமாளைக் கூட்டிப் போனேன். "உயில் எழுதறது எமனுக்கு ஆள் உடற மாதிரிப்பா" என்று பத்திர ஆபீஸ் வாசலிலிருந்தே ஓடிவிட்டான். தினமும் வெடிமருந்தை மடியில் கட்டிக்கொண்டு திரிகிற ஆள்! கடைசியில் மாங்காய் மண்டிக்காரர்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

உன் வயிற்றிலிருப்பதற்கும் பங்கு எழுதச் சொன்னேன். பத்திரம் எழுதுகிறவர் பேர் கேட்டார். இன்னும் வைக்கவில்லை என்றேன். 'பிறக்கப்போகும் பிள்ளை' என்று எழுதிக்கொண்டார்.

எழுதிவிட்டால் பயம் தெளியும் என்றுதான் போனேன். இன்று காலை திரிக்கு நெருப்பு வைக்கும்போது மூன்று தீக்குச்சியைக் கீழே போட்டுவிட்டேன்.

தலைக்குக் கட்ட ஒரு துணி அனுப்பு. உன் பழைய சேலையில் கிழித்தது போதும். தபாலை வாங்கிப்போக லாரிக்காரர் நிற்கிறார்.

பிள்ளைக்கு இப்போதே ஒரு பேர் யோசித்து எழுது. திரியைப் பற்றவைத்துவிட்டு ஓடும்போது பெரியவள் பேரையும் சின்னவள் பேரையும் உன் பேரையும் சொல்லிக்கொண்டேதான் ஓடுகிறேன். ஒதுங்கும் பாறைக்குப் போய்ச் சேருவதற்குள் பேர் தீர்ந்துவிடுகிறது.

உன்
சிங்கராயர்