தூர அடியா, கிட்டத் தள்ளலா?

1958 பிப்ரவரி 9

காலையிலிருந்து பல்வலி. மத்தியானம் அண்ணன் கிதர் முகம்மது ஒரு நீளப் பையைக் கொண்டுவந்து கூடத்தில் இறக்கினார். உள்ளே கோல்ஃப் மட்டைகள். சீமைக்குத் திரும்பும் காப்பித் தோட்டத்து வெள்ளைக்காரரிடம் வாங்கினாராம்.

எங்கள் தோல்ஷாப்பில் பதனிடும் சரக்கை எடுக்கும் மதராஸ் கம்பெனியின் பெர்க்கின்ஸ் துரை, போன வருஷம் ஆர்டரைப் பாதியாக்கிவிட்டார். காரணம் சொல்லவில்லை. மே மாதம் கொடைக்கானலில் தன்னோடு கோல்ஃப் ஆடுகிறவர்களிடம்தான் மனம்விட்டுப் பேசுவார் என்று தரகர் சொல்லியிருக்கிறார். இந்த வருஷமும் பாதி என்றால் ஷாப்பை மூட வேண்டியதுதான்.

"நீதான் காலேஜுக்குப் போனவன். நீ ஆடு" என்றார் அண்ணன்.

காலேஜில் நான் படித்தது தாவர சாஸ்திரம்.

பிப்ரவரி 16

தோல் காயப்போடும் பொட்டலில் முதல் பழக்கம். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. நான்தான் சுற்றி விழுந்தேன்.

மார்ச் 2

தோட்டத்து வெள்ளைக்காரர் சீமைக்குக் கிளம்புமுன் ஆட்டத்தை விளக்கிவிட்டுப் போனார். தூரமாக அடிப்பது, மணலில் சிக்கினால் கிளப்புவது, குழியருகே வந்ததும் மெல்லத் தள்ளுவது. மே மாதத்துக்குள் மூன்றும் உனக்கு வராது, ஒன்றைப் பிடித்துக்கொள் என்றார்.

எதை?

அண்ணனுக்குச் சந்தேகமே இல்லை. "தள்ளுறதை எவன் பாப்பான்? தூரமா அடி. துரை அசந்து போகணும்."

சரி என்றேன். உண்மையில் எனக்கும் அந்தச் சத்தம்தான் பிடித்திருக்கிறது. பட்டென்று ஒரு சத்தம். தோல் வியாபாரத்தில் அப்படி ஒரு சந்தோஷம் கிடையாது.

மார்ச் 27

நோன்பு. நாக்கு வறண்டு கிடந்த நேரத்தில் ஒரு அடி அருமையாக விழுந்தது — நேராகச் சுண்ணாம்புத் தொட்டிக்குள். தோலிலிருந்து மயிர் கழற்றும் தொட்டி. தொழிலாளி ஒச்சப்பன் இடுக்கியால் பந்தை எடுத்துத் தந்து, "முடி சுத்தமாப் போயிருச்சு முதலாளி" என்றான். ஷாப்பே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

ஏப்ரல் 5

நோன்பு திறந்தபின் முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். என் பெண்டாட்டி கமர்ஜஹான் பையிலிருந்து குட்டை மட்டையை உருவி, ஒரு செம்பைச் சாய்த்துவைத்துப் பந்தைத் தள்ளினாள். உள்ளே போனது. மறுபடியும் போனது.

"இம்புட்டுத்தானா மச்சான்? இதுக்கா தோளு வலிக்குதுன்னு தைலம் தேய்க்கச் சொல்றீக?"

அது சில்லறை வேலை, ஆட்டமே தூர அடியில்தான் இருக்கிறது என்றேன். அவள் உள்ளே போனபின் நானும் தள்ளிப் பார்த்தேன். செம்பைத் தவிர எல்லாத் திசையிலும் போனது.

தள்ளுவதைத்தான் பழக வேண்டும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. நாளைக்கும் தூர அடிதான். ஏன்? பெண்டாட்டிக்கு என்னைவிட நன்றாக வருவதைப் பழக யாருக்குத்தான் மனசு வரும்?

ஏப்ரல் 29

தூர அடி. தைலம்.

மே 18, கொடைக்கானல்

முதல் அடி! பந்து மேகத்துக்குள் போவதுபோல் போனது. துரை தொப்பியைத் தூக்கினார். என் ஆயுசில் அப்படி ஒரு நிமிஷம் வந்ததில்லை.

அப்புறம் குழியருகே போனோம். தள்ளினேன், தாண்டியது. இந்தப் பக்கமிருந்து தள்ளினேன், அந்தப் பக்கம் தாண்டியது. ஒவ்வொரு குழியிலும் இதே கதை. துரை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். கடைசியில், நாளைக்குக் குடும்பத்தோடு தேநீருக்கு வாருங்கள் என்றார். தோலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அண்ணன் காரில் காத்திருந்தார். "என்னடா ஆச்சு?" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் காரைக் கிளப்பினார்.

மே 19

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

மலைக்கு எங்களோடு வந்திருந்த கமரையும் கூட்டிக்கொண்டு அண்ணனும் நானும் போனோம். துரை பங்களாவின் புல்தரையில் ஒரு குழி. துரைசானி பந்தைத் தள்ளி விளையாடிக்கொண்டிருந்தார். கமர் முந்தானையைச் செருகிக்கொண்டு, நானும் தள்ளட்டுமா என்று ஜாடையில் கேட்டாள். தள்ளினாள். விழுந்தது. துரைசானி கைதட்டித் துரையைக் கூப்பிட்டார். துரை அவளோடு போட்டி போட்டுத் தோற்றார். மறுபடியும் தோற்றார். கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அவளும் தோல்காரர் வீட்டுப் பெண்தான், அவள் அத்தாவின் ஷாப்பிலேயே வளர்ந்தவள் என்று சொன்னேன். "அப்படியானால் உங்கள் மனைவியையே கேளுங்கள். போன வருஷச் சரக்கு எப்படி?" என்றார் துரை, விளையாட்டாக. தமிழில் கேட்டேன்.

"வெறைப்பா இருந்துச்சு. அவசரத்துல, தோல் ஊறப்போடுற ஆவாரம்பட்டையைக் குறைச்சுப் போட்டாக. நான் அப்பவே சொன்னேன்ல?"

அண்ணன் பக்கத்து நாற்காலியில். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. துரைக்குத் தமிழ் தெரியாது. உயர்ந்த சரக்கு என்கிறாள் என்று சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? மாத்திச் சொல்லுடா, சொல்லித் தொலைடா என்று அண்ணன் கண்ணாலேயே கெஞ்சினார். கமர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொன்னேன். அவள் சொன்னபடியே.

துரை கோப்பையைக் கீழே வைத்தார். "எனக்குத் தெரியும். உங்கள் வீட்டில் யாராவது ஒருவர் சொல்வீர்கள் என்று ஒரு வருஷமாகக் காத்திருந்தேன்" என்றார்.

பட்டையைக் குறைக்காவிட்டால் முழு ஆர்டர்.

மே 24

அண்ணன் என்னோடு பேசவில்லை. ஆவாரம்பட்டை வண்டி வண்டியாக வந்து இறங்குகிறது.

ஜூன் 22

காலையில் அண்ணன் வீட்டுக்கு வந்தார், கையில் ஒரு பதனிட்ட தோலோடு. என்னைத் தாண்டிப் போய் அடுப்படி வாசலில் நின்றார்.

"புள்ள, செத்த இதத் தொட்டுப் பாரு. அனுப்பலாமா?"

கமர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மடக்கினாள், விரலால் நீவினாள். "இன்னும் ரெண்டு நாள் ஊறணும்" என்றாள்.

அண்ணன் தோலைச் சுருட்டி என்னிடம் நீட்டினார். "கேட்டேல்ல? ஷாப்புல கொண்டுபோய்ச் சொல்லு."

கொண்டுபோய்ச் சொன்னேன்.