என் கணக்கில் நுழைந்த ரூட்

இன்று காலை சர்வர் அறைக் கதவைத் திறந்ததும் ஏசிக் குளிரோடு சூடான தூசி வாசம் முகத்தில் அடித்தது. புற்றுநோய் உன்னைக் கொண்டுபோய் எட்டு மாதம் ஆகிறது. அந்த வாசம் வந்தால் போதும், நீ என் பக்கத்தில் நின்ற அந்த நாளுக்குப் போய்விடுகிறேன்.

புதுச்சத்திரம் தாண்டி நெடுஞ்சாலையோரக் கல்லூரியில் யுனிக்ஸ் வகை இயங்குதளத்தில் ஓடும் சர்வர்களைப் பார்த்துக்கொண்டது நாம் இருவர்தான். அன்று பதினொரு மணிக்குத் தேர்வு முடிவுகள் வெளியாக வேண்டும். ஒன்பதரைக்கு நீ திரையைக் காட்டினாய். மதிப்பெண் கோப்பு முந்தைய நாள் மாலை திருத்தப்பட்டிருந்தது. திருத்தியது ரூட், அதாவது சர்வரில் எதையும் செய்ய அதிகாரம் உள்ள கணக்கு. அதன் கடவுச்சொல் உன்னிடம் மட்டுமே இருந்தது. ஆனால் அதற்குச் சற்று முன் உள்ளே வந்திருந்தது என்னுடைய சாதாரணக் கணக்கு.

"நேத்து சாயங்காலம் எங்க புள்ள இருந்த?"

"சேந்தமங்கலத்துல, அத்தை ஊட்டு விசேசத்துல. சத்தியமா நான் இல்ல."

என் கடவுச்சொல்லைச் சீட்டில் எழுதி ஆய்வகக் கணினியில் ஒட்டி வைத்திருந்தேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை. நீ அதற்கு மேல் கேட்கவும் இல்லை. சர்வரில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க, எந்த அதிகாரமும் இல்லாத புதுக் கணக்கு ஒன்றைத் திறந்து, இணையத்தில் பரவியிருந்த சிறு நிரல் ஒன்றை அதில் ஓட்டினாய். கடவுச்சொல் கேட்காமலேயே அந்தக் கணக்கு ரூட்டாக மாறியது. அப்படியென்றால் சாதாரணக் கணக்கில் நுழைந்த எவரும் ரூட் ஆகியிருக்கலாம்.

அதற்குள் பிரின்சிபால் வந்துவிட்டார். நடந்ததைக் கேட்டுவிட்டு என்னையே பார்த்தார்.

"இந்தம்மா கணக்குலதானே எல்லாம் நடந்திருக்கு?"

"அவ கணக்குல யாரு வேணா வந்திருக்கலாமுங்க. வந்தவங்கள ரூட் ஆக உட்டது நானுங்க. இந்த ஓட்டைய அடைக்கற அப்டேட் வந்து பத்து நாளாச்சு. பரீட்சை நேரம்னு நாந்தான் தள்ளிப்போட்டேன்."

சொல்லிக்கொண்டே, வேறு யாரும் உள்ளே வராதபடி நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினாய். பதினொரு மணிக்கு முடிவுகள் வராது என்று தெரிந்ததும் அவர் போட்ட சத்தத்தில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. அப்போதுதான் எனக்குச் சீட்டைப் பற்றிச் சொல்லத் தைரியம் வந்தது.

பழைய நகலோடு ஒப்பிட்டதில் இரண்டு மாணவர்களின் மதிப்பெண்கள் மாறியிருந்தன. ஆய்வகக் கேமராப் பதிவில் அந்த நேரத்தில் அங்கே தெரிந்தவர் அவர்களில் ஒருவர். மறுநாள் சரியான முடிவுகள் வெளியாயின. உனக்கு மெமோ வந்தது, பதவி உயர்வும் போனது.

மெமோ வந்த அன்று வீடு திரும்பும் பஸ்ஸில் கேட்டேன், "நீ சொல்லாம உட்டிருந்தா யாருக்குத் தெரியும்?"

"தெரியாதுதான். பழி உம்மேலயே நின்னிருக்கும்."

இப்போது தவறு நடந்தால் அறிக்கையின் முதல் வரியில் நான் செய்யாமல் விட்டதை எழுதுகிறேன். போன வாரமும் எழுதினேன்: அப்டேட்டை இரண்டு நாள் தாமதித்தது நான். அதை அனுப்ப எனக்கு அரை மணி நேரம் ஆனது. அன்று உன் தவறைச் சொல்ல உனக்கு ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை.