வறுத்தாலும் போகாது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவின் முழங்கால் வலியையும் அவர் வாயையும் தவிர மற்றதெல்லாம் நலம். நீயும் மாப்பிள்ளையும் பல் முளைக்கிற என் பேரனும் சுகமாக இருக்க வேண்டும்.

இந்தப் பெட்டியில் புது மக்காச்சோள மாவு வைத்திருக்கிறேன். பேரனுக்குக் கஞ்சி காய்ச்ச முன்பு அனுப்பிய மாவைக் கொட்டிவிடு என்று போனில் சொன்னதற்கு, நல்லா வறுத்துட்டா சரியாயிடும்மா என்று சிரித்துவிட்டாய், அந்தச் சிரிப்பு எனக்குச் சரிப்படவில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்தது இதுதான். களத்தில் காய்ந்த சோளத்தை, வானம் இருட்டிக்கொண்டு வந்ததும், உன் அப்பா சூடு ஆறுவதற்குள் மூட்டை கட்டிவிட்டார். போதாததற்கு வெறும் சிமெண்டுத் தரையில் சுவரோடு ஒட்டி அடுக்கி, குழந்தைக்குப் போர்த்துவது போலத் தார்ப்பாய் வேறு போட்டு மூடினார். உள்ளே வியர்த்து அடிமூட்டைகளில் பூஞ்சை பிடித்துவிட்டது. விற்கக் கொண்டுபோனபோது மாவு மில்லில் சோதித்துப் பார்க்கிற பெண் எங்கள் சோளத்தை வேண்டாம் என்றுவிட்டாள். பூஞ்சையைத் தட்டிவிட்டாலும் அதன் நஞ்சு மணிக்குள்ளேயே தங்கிவிடுமாம், கழுவினாலும் வறுத்தாலும் போகாதாம், பார்க்க நன்றாக இருக்கிற மணியிலும் இருக்குமாம், சின்னப் பிள்ளைகளுக்கு ஈரலைக் கெடுத்து வளர்ச்சியையும் தடுக்குமாம். உனக்கு அரைத்தது அந்த அடுக்கில் எடுத்த சோளம். கேட்டதும் முதலில் உனக்குத்தான் போன் போட்டேன்.

உன் அப்பா லேசில் மசிவாரா. நல்ல மூட்டையோட கலந்துட்டா யாருக்குத் தெரியும் என்றார், மாட்டுக்காவது போடலாமே என்றார். மாடு தின்னா பால்ல வரும், அந்தப் பாலை யார் குடிக்கிறது என்று கேட்டேன். அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் யாரும் சொல்லாமலே குழி வெட்டி அத்தனையையும் புதைத்தார். கீழே ஒரு மணி சிந்தினால் குனிந்து பொறுக்குகிற மனிதர், பார்க்க எனக்கு அழுகை வந்துவிட்டது. இப்போது நன்றாகக் காய்ந்து ஆறிய சோளத்தைத்தான் கட்டுகிறார், தரையில் பலகை போட்டு, சுவரை விட்டுத் தள்ளி அடுக்குகிறார், வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் மூட்டைக்குள் கையை விட்டுச் சூடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிப் பாடாய்ப் படுத்துகிறார். இந்த மாவு அந்தப் பெண் சோதித்துச் சரி என்று சொன்ன சோளத்தில் அரைத்தது, பயப்படாமல் கொடு. அடுப்பு ஆவி படாத இடத்தில் இறுக்கி மூடி வை.

என் தங்கமே, மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருங்கள். பேரன் கன்னத்தில் எனக்காக ஒரு முத்தம் கொடு. பழைய மாவைப் பறவைகளுக்கும் போட்டுவிடாதே. அம்மா கைப்படச் சலித்து அனுப்பியதாயிற்றே, எப்படிக் கொட்டுவது என்று நீ டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாய், உன்னை எனக்குத் தெரியாதா. அந்த அம்மாதான் சொல்கிறேன், கொட்டிவிடு. கொட்டிட்டேம்மா என்று நீ சொல்கிற வரைக்கும் எனக்கு ஒரு வாய் சோறு இறங்காது.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா