இருபத்து மூன்று பாதங்கள்

கொல்கத்தா,
தவக்காலம் மூன்றாம் வாரம், புதன்.

என் மதிப்பிற்குரிய கணவர் அவர்களுக்கு,

மனைவி பிரகாசியம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவர் அருளால் நானும் மகள் ஸ்னேகாவும் நலம். விருத்தாசலத்தில் தாங்களும் தங்கள் தம்பி வீட்டாரும் நலமாயிருப்பீர்கள் என நம்புகிறேன். தாமதத்திற்கு மன்னிக்க வேண்டும். தாங்கள் கைப்பேசியை எடுப்பதில்லை. சொல்லாமல் கிளம்பிப் போனீர்களே என்ற கோபம் தணிந்த பின் எழுத எண்ணினேன். அதற்குள் இன்னொன்று சேர்ந்துவிட்டது.

ஞாயிறு பூசை முடிந்ததும், ஆண்டவர் சீடர்களின் பாதம் கழுவிய நினைவாகப் பெரிய வியாழனன்று பாதம் கழுவப்பட அமரும் பன்னிரண்டு ஆண்களின் பட்டியலைக் கோயில் பலகையில் ஒட்டினார்கள். பதினாறு ஆண்டுகளாக இருந்த தங்கள் பெயர் இல்லை; பன்னிரண்டாம் இடம் காலியாயிருந்தது. உபதேசியார் சூசைநாதனைப் படிக்கட்டிலேயே மறித்தேன். "அண்ணனைச் சேத்தா பன்னிரண்டு பேருக்கு இருபத்து மூணு காலுல்ல வருது அண்ணி" என்று இளித்தார். "ஆண்டவர் எண்ணிப் பாத்தா கழுவினாரு?" என்றேன். சிரிப்பு நின்றது. "நான் எடுக்கல அண்ணி. அண்ணனே தம்பி போன்லேருந்து கூப்பிட்டு எடுத்துடுன்னாரு. ஒத்தக் காலை எல்லார் முன்னாலயும் நீட்ட முடியாதுன்னு அழுதாரு" என்றார்.

அழுததற்காகக் குறை சொல்லேன். சர்க்கரை நோயால் வலது பாதத்தை எடுத்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் அழுதேன். ஆனால் எனக்குத் தெரியாமல் பெயரை எடுக்கச் சொன்னதை ஏற்க மாட்டேன். லேக் மார்க்கெட் உணவகத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் அடுப்பு முன் நின்று வெந்த கால்கள் அவை. எஞ்சிய ஒன்றை ஒளித்துவைக்கத் தங்களுக்கு உரிமை இல்லை.

மறுநாளே பங்குத்தந்தையிடம் போனேன். அவர் "எந்தக் கால்?" என்று மட்டும் வங்க மொழியில் கேட்டார். இடது மிச்சம் என்றேன். அந்தப் பக்கம் தாம் மண்டியிட இடம் விட்டு நாற்காலி போடச் சொன்னார். தங்கள் பெயரை என் கையாலேயே பட்டியலில் எழுதினேன். எழுத்து நானாகக் கற்றது. அழகில்லை, ஆனால் வாசலிலிருந்தே தெரிகிறது.

முதலாளி ஜெயராமனும் சமையல்கட்டில் உயரமான முக்காலி ஒன்று போட்டிருக்கிறார். "வரச் சொல்லுங்கம்மா, உக்காந்தே பதம் பாக்கட்டும். இப்ப வைக்கிற சாம்பாருக்குக் கஸ்டமர் என்னைத் திட்டறாங்க" என்கிறார்.

முழு உடம்போடுதான் தம்முன் வரவேண்டும் என்று ஆண்டவர் யாருக்கும் கட்டளையிடவில்லை. வெட்கம் வந்தால் வரட்டும். அதையும் கூட்டிக்கொண்டு வந்து அமருங்கள். எவராவது முறைத்துப் பார்த்தால், மூன்றாம் வரிசையில் நான் இருக்கிறேன். தாங்கள் வராவிட்டால் அந்த நாற்காலியில் வேறு எவரையும் அமர்த்தக் கூடாதென்றும் சொல்லிவிட்டேன். காலியாகவே கிடக்கட்டும், பங்கு முழுதும் பார்க்கட்டும்.

தேவமாதா தங்களைக் காப்பாராக. ஹௌரா ஸ்டேஷன் நெரிசல் வேண்டாம். அதற்கு முன்னால் சாந்த்ராகாச்சி ஸ்டேஷனில் நிற்கும் வண்டியாகப் பார்த்து ஏறவும். சக்கர நாற்காலியுடன் நானும் ஸ்னேகாவும் நடைமேடையில் நிற்போம்.

வருவீர்களா என்று நான் கேட்கவில்லை. எந்த வண்டி, எந்தத் தேதி என்று உடனே பதில் எழுதவும்.

இங்ஙனம்,
தங்கள் மனைவி
பிரகாசியம்மாள்